நானும் அண்ணாமலை தான்!

"எந்த காலேஜ்?"

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ற விதம் வயசுக்கு வயசு மாறியிருக்கு.

இருபத்தி மூணு வயசுல, சென்னையில ஒரு இன்டர்வியூ. "அண்ணாமலை யுனிவர்சிட்டி சார்"னு நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். எதிரில் இருந்தவர் மார்க் ஷீட்டைப் புரட்டினார். "ஓ... கரஸ்ஸா?" என்றார். அவ்வளவுதான். திட்டலை, கிண்டல் பண்ணலை. ஆனா அந்த "ஓ"வுக்கு அப்புறம் அவர் என்கிட்ட கேட்ட கேள்வி எல்லாம் சும்மா ஒப்புக்குத்தான்னு எனக்கே தெரிஞ்சுது.

அதுக்கப்புறம் "பி.காம் முடிச்சிருக்கேன்"னு மட்டும் சொல்லப் பழகிக்கிட்டேன். எங்கேன்னு கேட்டாத்தான் அண்ணாமலை. அதுலயும் குரல் தானா இறங்கிடும்.

பிளஸ் டூ முடிச்ச உடனே வேலைக்குப் போயே ஆகணும்கிற வீடு எங்களோடது. கோவில்பட்டியில ஒரு பாத்திரக் கடையில கணக்கு எழுதிக்கிட்டே 1996-லிருந்து 99 வரை தபாலில் படிச்சேன். கட்டுக் கட்டாக பாடப் புத்தகம் பார்சல்ல வரும். ராத்திரி கடை சாத்தினதும் படிப்பு. பரீட்சை எழுதினது பக்கத்து ஊர் பள்ளிக்கூட பெஞ்சில். மூணு வருஷம் ஒரு பல்கலைக்கழகத்துல படிச்சவன், அந்தப் பல்கலைக்கழகத்து வாசலைக்கூட மிதிக்காமலேயே பட்டதாரி ஆயிட்டேன் :)

இது எல்லாம் மறந்தே போயிருந்தது. 2022 மார்ச்சில் ஒரு நாள் ஆபீஸ் நண்பர் ஒருத்தர் ஒரு செய்தியை அனுப்பி, "என்ன சார், உங்க டிகிரி செல்லுமா?"ன்னு சிரிப்பு பொம்மை போட்டிருந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரப் படிப்புகளுக்கு 2014-15 கல்வியாண்டு வரைக்கும்தான் அங்கீகாரம் இருக்கு, அதுக்குப் பிறகு அனுமதி இல்லாமல் நடத்துறாங்கன்னு யுஜிசி கொடுத்த அறிவிப்பு அது. என்னோடது 99-லேயே முடிஞ்ச கதை. எனக்குப் பிரச்சனை இல்லை. ஆனாலும் அன்னைக்கு பீரோவைத் திறந்து சர்டிபிகேட்டை ஒரு தடவை எடுத்துப் பார்த்தேன். பக்கத்துல நின்னுக்கிட்டிருந்த பொண்ணு கேட்டா.

"அப்பா, உங்க காலேஜ்ல படிச்சவங்க யாராவது ஃபேமஸா?"

முழிச்சேன். நிஜமாவே எனக்குத் தெரியலை. "இரு, பார்த்துச் சொல்றேன்"னு ஆரம்பிச்சதுதான். அப்ப தொடங்கின படிப்பு, தபால்ல படிச்ச மூணு வருஷத்தைவிட ருசியா இருந்தது. தெரிஞ்சுக்கிட்டதுல எனக்குப் பிடிச்சதை மட்டும் இங்கே சொல்றேன்.

ஊர் ஓரத்தில் ஒரு பல்கலைக்கழகம்

கானாடுகாத்தான் அண்ணாமலை செட்டியார் 1920-ல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். பிற்காலத்தில் சோழர் வரலாற்றை எழுதிப் புகழ்பெற்ற கே.ஏ. நீலகண்ட சாஸ்திரிதான் ஆரம்ப வருஷங்களில் அதன் முதல்வர். அப்புறம் மீனாட்சி தமிழ்க் கல்லூரி. 1924-லிருந்து 27 வரை அதன் முதல்வராக இருந்தவர் யார் தெரியுமா? உ.வே. சாமிநாதையர்! எழுபதை நெருங்கின வயசில் தமிழ்த் தாத்தா சென்னையை விட்டு சிதம்பரத்துக்கு வந்து இருந்திருக்கிறார்.

இந்தக் கல்லூரிகளோடு 20 லட்சம் ரூபாயையும் சேர்த்துக் கொடுத்து செட்டியார் கேட்டது ஒரு பல்கலைக்கழகம். 1929-ல் அது வந்தது. அன்றைய 20 லட்சம் என்னன்னு யோசிச்சுப் பாருங்க. அந்தக் காசுக்கு சென்னையிலேயே மாளிகை மாளிகையாகக் கட்டியிருக்கலாம். அவரோ ரயில்வே லைனுக்குக் கிழக்கே, கோயில் ஊரின் ஓரத்தில், ஆசிரியரும் மாணவரும் ஒரே இடத்தில் தங்கிப் படிக்கிற ஒரு நகரத்தையே கட்டினார். சென்னைப் பல்கலைக்கழகம் மாதிரி ஊர் ஊராகக் கல்லூரிகளைச் சேர்த்துக்கொண்டு பரீட்சை நடத்துகிற வேலை அப்போது இதற்கு இருக்கவில்லை. இங்கேயே இரு, இங்கேயே படி. அதுதான் திட்டம்.

(பாருங்க, "இங்கேயே தங்கிப் படி"ன்னு கட்டின பல்கலைக்கழகத்துலதான் நான் ஒரு நாள்கூடத் தங்காம படிச்சிருக்கேன்!)

முதல் தமிழ்ப் பேராசிரியரும் கரஸ் மாதிரிதான்

பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் சுவாமி விபுலாநந்தர். இலங்கை மட்டக்களப்புப் பக்கம் காரைதீவில் 1892-ல் பிறந்தவர். வீட்டில் வைத்த பேர் மயில்வாகனம். ராமகிருஷ்ண மிஷனில் சேர்ந்து துறவியானவர். 1931-லிருந்து 33 வரை இங்கே இருந்தார்.

அவருடைய படிப்பைப் பற்றிப் படித்தபோதுதான் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் பி.எஸ்சி. வாங்கியது லண்டன் பல்கலைக்கழகத்தில். ஆனால் லண்டனில் இருந்து படிச்சு வாங்கினதில்லை. அந்தக் காலத்தில் இலங்கையில் பல்கலைக்கழகமே கிடையாது. அங்கிருந்தபடியே படித்து, அங்கிருந்தபடியே லண்டன் பரீட்சை எழுதித்தான் பட்டம். அதேபோல 1916-ல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையும் பாஸ் பண்ணியிருக்கிறார். பள்ளிக்கூட வாத்தியார் வேலையையும் பார்த்துக்கொண்டு, பட்டத்துக்கும் படித்த மனுஷன்.

நம்ம பாஷையில சொன்னா, கரஸ்! அண்ணாமலையின் முதல் தமிழ்ப் பேராசிரியர் தூரத்துல இருந்து படிச்சுப் பட்டம் வாங்கினவர். இதை அந்த இன்டர்வியூவிலேயே சொல்லியிருக்கணும். தெரிஞ்சாத்தானே சொல்றதுக்கு!

அந்த பி.எஸ்சி. வீண் போகவும் இல்லை. சிலப்பதிகார அரங்கேற்று காதையைக் கையில் வைத்துக்கொண்டு, மறைந்துபோன யாழ் எப்படி இருந்திருக்கும், அதில் சுரங்கள் எந்தக் கணக்கில் நின்றிருக்கும் என்று இயற்பியலும் கணிதமும் போட்டு அவர் எழுதியதுதான் 'யாழ்நூல்'. 1947-ல் வெளிவந்தது. அதே வருஷம் ஜூலையில் அவர் காலமானார். நடுவில் 1943-ல் இலங்கைப் பல்கலைக்கழகத்துக்கும் அவரே முதல் தமிழ்ப் பேராசிரியர். இரண்டு கரையிலும் முதல் நாற்காலி அவருக்கு.

703

அடுத்தவர் எஸ்.எஸ். பிள்ளை. சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. இவர் பேரை நான் கேள்விப்பட்டதே இல்லை. நீங்க கேள்விப்பட்டிருந்தா உங்களுக்கு ஒரு வணக்கம்.

தென்காசிப் பக்கம் வல்லம் கிராமத்தில் 1901-ல் பிறந்தவர். பிறந்த கொஞ்ச நாளிலேயே அம்மா இல்லை. பள்ளிப் படிப்பு முடிகிற நேரத்தில் அப்பாவும் இல்லை. ஒரு வாத்தியார் கைகொடுத்ததால் படிப்பு தொடர்ந்தது. 1929-ல், பல்கலைக்கழகம் தொடங்கிய அதே வருஷம், இங்கே கணித விரிவுரையாளராக வந்தார். 1941 வரை இருந்தார்.

அவர் இங்கே உட்கார்ந்து போட்ட கணக்கை என் பொண்ணுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு பெரும்பாடு. உங்களுக்கும் சொல்றேன், பயப்படாதீங்க. பாத்திரக் கடை கணக்குதான்.

ஒரு எண்ணை அதாலேயே ஆறு தடவை பெருக்கினால் வருவது ஆறாம் அடுக்கு. 1-க்கு 1. 2-க்கு 64. 3-க்கு 729. இப்ப இந்த மாதிரி ஆறாம் அடுக்கு எண்களை மட்டும் கூட்டி 703-ஐக் கொண்டு வரணும். 729 பெரிசு, ஆகாது. ஆக 64-ம் 1-ம் மட்டும்தான் கையில் இருக்கும் சில்லறை. பத்து 64 போட்டா 640. மீதி 63-க்கு அறுபத்து மூணு 1. மொத்தம் 73 காசு. இதுக்குக் குறைஞ்சு முடியவே முடியாது.

சரி, 703-க்கு 73 காசு. இதைவிட அதிகமாகக் கேட்கிற எண் எங்கேயாவது இருக்கா? எண்களுக்குத்தான் முடிவே இல்லையே, எப்படித் தேடுறது? 1940-ல் பிள்ளை நிரூபித்தது இதுதான்: இல்லை. எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் 73-க்குள் அடங்கிவிடும். வேரிங் கணக்கு என்று உலகம் முழுக்கக் கணித மேதைகள் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம் இது. மற்ற அடுக்குகளுக்கும் எத்தனை காசு தேவை என்கிற கேள்வியில் 1936 வாக்கில் பெரும்பகுதியை முடித்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அமெரிக்காவின் டிக்சன். இன்னொருவர், அவருக்குத் தொடர்பே இல்லாமல், சிதம்பரத்துப் பிள்ளை. அதையும் வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பிக் காத்திருக்காமல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் சொந்த ஆய்விதழிலேயே வெளியிட்டார்.

அப்புறம் திருவனந்தபுரம், கல்கத்தா என்று போனார். 1950-ல் அமெரிக்காவில் ஹார்வர்டில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்கும், பிரின்ஸ்டனில் ஆராய்ச்சிக்குமாகக் கிளம்பினார். ஆகஸ்ட் 31-ம் தேதி கெய்ரோ அருகே விமானம் விழுந்தது. நாற்பத்தொன்பது வயசு. என் பொண்ணு கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் நோட்டுல 703-னு எழுதி வட்டம் போட்டுக்கிட்டா.

பாட்டும் பேச்சும்

தமிழிசை இயக்கத்துக்கும் இந்த ஊருக்கும் உள்ள உறவு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டு 'துக்கடா'வாக ஒதுக்கப்பட்ட காலத்தில், 1941-ல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடியது. 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் வந்தது. 1950-களில் இங்கே இசைப் பேராசிரியராக வந்தவர் எம்.எம். தண்டபாணி தேசிகர். 1942-ல் ஜெமினி எடுத்த 'நந்தனார்' படத்தில் நந்தனாராக நடித்தவர் அவரேதான். தில்லைக்குள் நுழையத் தவித்தவரின் கதையில் நடித்த மனுஷன், அதே தில்லைக்குப் பேராசிரியராக வந்து பாட்டுச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். எனக்கு இதில் ஒரு திருப்தி.

வெள்ளி நாக்குப் பேச்சாளர் என்று பேர் வாங்கிய சீனிவாச சாஸ்திரி 1935 முதல் 1940 வரை துணைவேந்தர். அவருடைய ஆங்கிலத்தைக் கேட்டு மயங்காதவர் கிடையாதாம். ஆனால் அடுத்து அந்த வளாகத்திலிருந்து கிளம்பிய பேச்சு முழுக்கத் தமிழ். நாராயணசாமி என்று பேர் வைக்கப்பட்ட ஒருத்தர் நெடுஞ்செழியன் ஆனார். ராமையா அன்பழகன் ஆனார். கே.ஏ. மதியழகனும் இங்கே படித்தவர்தான். 1949-ல் தி.மு.க. பிறந்தபோது முன்வரிசையில் நின்றவர்களில் மூன்று பேர் அண்ணாமலையின் பழைய மாணவர்கள். அன்பழகனை கடைசி வரைக்கும், அதாவது 2020-ல் அவர் மறையும் வரைக்கும், நாடே 'பேராசிரியர்' என்றுதான் கூப்பிட்டது.

எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதியும் இங்கே படித்தவர். இங்கே தமிழ்ப் பேராசிரியராக இருந்த தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் 1966-ல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். இங்கே படித்த வ.அய். சுப்பிரமணியம் 1981-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். கொழும்பு, மதுரை, தஞ்சை... ஊர் ஓரத்தில் நட்ட நாற்றங்காலிலிருந்து பறித்து எங்கெங்கோ நட்டிருக்கிறார்கள்.

படிப்பை முடிக்காத ரெண்டு பேர்

புகழ்பெற்ற முன்னாள் மாணவர் பட்டியல்னு தேடினா அமைச்சர், துணைவேந்தர், எழுத்தாளர்னு வரும். நான் ரெண்டு பேரைச் சேர்க்க விரும்புறேன். ரெண்டு பேருமே பட்டம் வாங்கலை.

ஒருவர் ராஜேந்திரன். 1965 ஜனவரி 27, இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது போலீஸ் சுட்டதில் இறந்த மாணவர். அவருடைய அப்பா ஒரு போலீஸ்காரர். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்குக் கை வரலை.

இன்னொருவர் உதயகுமார். 1971-ல் அப்போதைய முதல்வர் கருணாநிதிக்குப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்ததை மாணவர்கள் ஒரு பகுதியினர் எதிர்த்தார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. அதற்குப் பிறகு உதயகுமாரின் உடல் வளாகத்துக் குளத்தில் கிடைத்தது. விசாரணை கமிஷன் எல்லாம் வந்தது. ஆனாலும் சர்ச்சை ஓயலை.

முதல் பையனுக்குச் சிலை இருக்கு. மாணவர் போராட்டத்தின் தோளில் ஏறித்தான் 1967-ல் ஆட்சியே மாறியது. அந்த ஆட்சி வந்த நாலே வருஷத்தில் இரண்டாவது பையன். ஒரே வளாகம், ஆறு வருஷ இடைவெளி. எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் இந்த ரெண்டு பேரையும் சேர்த்தே நினைக்கணும்னு எனக்குத் தோணுது.

காசு கணக்கு

1979-ல் இங்கே தொலைதூரக் கல்வி தொடங்கியது. தங்கிப் படிக்க வசதி இல்லாத லட்சக்கணக்கான ஆட்கள் பட்டதாரி ஆனார்கள். பாத்திரக் கடை, ஜவுளிக் கடை, போலீஸ் ஸ்டேஷன், ராணுவ முகாம், கல்யாணமாகி அடுப்படியில் நின்ற பெண்கள். எங்க கடை முதலாளியம்மாவே எனக்கு ஒரு வருஷம் சீனியர்!

ஆனா உண்மையையும் சொல்லணும். பல்கலைக்கழகம் பெருத்தது, தேவைக்கு மேல ஆயிரக்கணக்கில் ஊழியர்கள் சேர்ந்தார்கள், கடைசியில் சம்பளம் போடவே திணறியது. 2013-ல் அரசு நிர்வாகியை நியமித்து, புதுச் சட்டம் கொண்டு வந்து, பல்கலைக்கழகத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. நிறுவனர் குடும்பத்துக்கு இருந்த இணைவேந்தர் உரிமை அதோடு முடிந்தது. மிச்சமிருந்த ஊழியர்களை வேறு வேறு அரசுக் கல்லூரிகளுக்கு அனுப்பினார்கள். அரசு எடுத்த பிறகும் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் பழைய கட்டணமே தொடர, மாணவர்கள் வாரக்கணக்கில் போராடினார்கள். 2021-ல் அது கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆனது.

கணக்கு எழுதினவன் கண்ணுக்கு ஒண்ணு தெரியுது. 20 லட்சத்தைக் கொடுத்து ஆரம்பிச்சதுக்கும், சம்பளத்துக்குத் திண்டாடினதுக்கும் நடுவுல என்னை மாதிரி ஆளுங்க கட்டின ஃபீஸும் வரவுப் பக்கத்துல இருக்கு. அந்த "ஓ... கரஸ்ஸா?"வுக்குப் பின்னாடி கொஞ்சம் நியாயமும் இருக்கலாம். படிச்சு வாங்கினவனும் இருக்கான், சும்மா வாங்கினவனும் இருக்கான். ரெண்டு பேர் சர்டிபிகேட்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். அதுக்காக ராத்திரி கடை சாத்திட்டுப் படிச்சது இல்லைன்னு ஆயிடுமா?

வாசல்

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்கு மாயவரம் போனோம். திரும்பும்போது பொண்ணுதான் பிடிவாதம் பிடிச்சா. சிதம்பரத்துல இறங்கி, நடராஜரைப் பார்த்துட்டு, ரயில்வே லைனைத் தாண்டிக் கிழக்கே போனோம். ராஜேந்திரன் சிலை முன்னாடி கொஞ்ச நேரம் நின்னோம். நான் நினைச்சிருந்ததைவிட ரொம்பச் சின்னப் பையன் முகம்.

உள்ளே ஒரு கட்டடத்து வாசல்ல செக்யூரிட்டி பெரியவர் நோட்டை நீட்டினார்.

"யாரைப் பார்க்கணும் சார்?"

"யாரையும் இல்லைங்க. சும்மா சுத்திப் பார்க்க வந்தோம். நான்... இங்கே படிச்சவன்."

"எந்த டிபார்ட்மென்ட்?"

பொண்ணு என் முகத்தைப் பார்த்தா. வழக்கம்போல குரல் இறங்கப் பார்த்துச்சு. விடலை.

"பி.காமுங்க. கரஸ். 99."

அவர் தலையைக்கூட நிமிர்த்தலை. 'வந்த காரணம்'னு இருந்த கட்டத்துல, கோணல் மாணலா எழுதினார்: "பழைய மாணவர்."

"போயிட்டு வாங்க. கேன்டீன் அந்தப் பக்கம்."

அவ்வளவுதாங்க. டீ குடிச்சோம், மரத்தடியில உட்கார்ந்தோம், ஊருக்கு வந்துட்டோம்.

டிஸ்கி: பிள்ளையோட 703 கணக்கை உங்க வீட்டுப் பசங்ககிட்ட கொடுத்துப் பாருங்க. 72 காசுல முடிச்சுட்டேன்னு யாராவது சொன்னா, எங்கேயோ கூட்டல் தப்புன்னு அர்த்தம் :)